நடக்கச் சொல்கிறோம், எதை அணிந்து நடப்பது?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையிலுள்ள சீட்டில் மாத்திரைகளின் பெயரும் வேளையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். உப்பைக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தவிர்க்க வேண்டும் என்னும் அறிவுரைகளுக்கு அடியில், ‘நாள்தோறும் 30 நிமிடம் நடைப்பயிற்சி’ என்று ஒரு வரியும் இருக்கும். வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதைத்தான் அந்த ஒற்றை வரி சுருக்கிச் சொல்கிறது. மருந்துக்கு அளவு உண்டு. உணவுக்கு அட்டவணை உண்டு. எதைக் காலில் அணிந்து நடப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்தச் சீட்டில் இடமில்லை. அந்த இடத்தைக் கடைக்காரரும், வெளியூரில் வாழும் பிள்ளைகளும், வாசலில் ஏற்கெனவே கிடக்கும் ரப்பர் செருப்புமே நிரப்பிவிடுகின்றனர்.

அண்மைக் காலமாக அந்த இடத்திற்கு முந்திக்கொண்டு வருவது ‘லோபர்’ எனப்படும் நாடா இல்லாத காலணி. அதன் உறவுக்காரரான ‘மொக்காசின்’ காலணியும் உடன் வருகிறது. வேலைவெட்டியின்றித் திரியும் பிள்ளையை ‘லோபர்’ என்று ஏசிய தந்தையருக்கு, அதே பிள்ளைகள் இன்று லோபர் வாங்கிப் பரிசளிக்கிறார்கள் என்பது காலத்தின் வேடிக்கை. ஆயினும் அந்தப் பரிசின் பின்னாலுள்ள அக்கறை உண்மையானது. முழங்கால் தேய்ந்தவர், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், வயிறு பருத்தவர், பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர் ஆகியோருக்குக் குனிந்து நாடா கட்டுவது பெரும்பாடு. “குனியவே வேண்டாம்ப்பா, காலை நுழைச்சாப் போதும்” என்று மகள் சொல்லும்போது அந்தக் காலணி ஓர் உதவியாகவே வருகிறது. அதை ஆடம்பரம் என்று ஒதுக்கும் மருத்துவத் துறையினரின் போக்கு எனக்கு உடன்பாடன்று. ஆனால், யாருடைய கால் இந்தக் காலணிக்கு ஏற்றது என்று பாராமல் எல்லோருக்கும் இதையே வாங்கித் தருவதும் எனக்கு உடன்பாடன்று.

மொக்காசின் என்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் காலணி. அவர்களுடைய மொழியிலிருந்தே அந்தச் சொல்லும் ஆங்கிலத்திற்குப் போயிற்று. மெல்லிய தோலைப் பாதத்தின் அடியிலிருந்து பக்கவாட்டில் மேலே இழுத்து, மேற்புறத்தில் ஒரு துண்டுத் தோலுடன் சுருக்கித் தைப்பது அதன் முறை. மண்தரையிலும் காட்டுத் தடத்திலும் ஓசையின்றி நடக்க அது பொருத்தமாக இருந்தது. இன்று நாம் காணும் லோபரின் வடிவம் நார்வே நாட்டுக் காலணி ஒன்றிலிருந்து வந்தது. 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பாஸ் நிறுவனம் அதை ‘வீஜன்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தைக்கப்பட்டுக் கப்பலேறும் தோல் காலணிகளுள் இவ்வகையும் உண்டு. அடியில் சிறு சிறு ரப்பர்க் குமிழ்கள் பதித்த மொக்காசின் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது கார் ஓட்டுவோருக்காக வந்தது. மிதிவிசையில் கால் வழுக்காதிருப்பதே அந்தக் குமிழ்களின் வேலை. அரைமணி நேரம் தார்ச்சாலையில் நடப்பதற்கு அதைத் தேர்ந்தெடுப்பது, மழைக்காலத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவதைப் போன்றது.

நாடாவோ பட்டையோ இல்லாத ஒரு காலணி காலில் எவ்வாறு நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் குறை நிறை இரண்டும் விளங்கும். நாடா கட்டிய காலணியில், புறங்காலின் மேல் விழும் பிடிப்பு குதிகாலைப் பின்னோக்கி நிறுத்தி வைக்கிறது. ஆகவே விரல்கள் முன்னால் சென்று முட்டுவதில்லை. லோபரில் அந்தப் பிடிப்புக்கு வழியில்லை. காலணியின் வாய் புறங்காலை இறுக்க வேண்டும், அல்லது அது குதிகாலில் கழன்று கழன்று விழ வேண்டும். முதலாவது நேர்ந்தால் சுண்டுவிரலின் பக்கமும் பெருவிரலின் மூட்டும் உரசிச் சிவக்கும். இரண்டாவது நேர்ந்தால், கழலாமல் இருக்க விரல்களை மடக்கிக் காலணியைக் கவ்விக்கொண்டே நடப்போம். நம்மை அறியாமலே அப்படி நடப்போம். மடங்கிய விரல்களின் முதுகில் காய்ப்பு ஏறும். விரல்நுனி தரையை அழுத்தும். மொக்காசினின் மேற்புறச் சுருக்குத் தையல் சரியாக அந்த மடங்கிய விரல்களின் மேல்தான் அமர்கிறது.

இவ்வளவு சொன்னதனால் லோபரே கூடாது என்று பொருளன்று. பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருப்பவர், இரத்த ஓட்டம் சீராக இருப்பவர், விரல்கள் கோணாதவர், கால் வீங்காதவர் ஆகியோர் அளவு பொருந்திய நல்ல லோபரை அணிந்து கடைத்தெருவுக்கும் அலுவலகத்திற்கும் தாராளமாகப் போய்வரலாம். அளவு பொருந்துவதுதான் அரிது. பிரிட்டிஷ் அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான காலணிகளில் அகலத்திற்குத் தனி எண் கிடையாது. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த அகன்ற பாதம் நம்மில் பலருடையது. அந்த அகலத்திற்காக ஓர் எண் கூட்டி வாங்குகிறோம். அகலம் ஓரளவு கிடைக்கிறது, நீளம் மிஞ்சுகிறது, குதிகால் கழல்கிறது. நாடாக் காலணியாயின் இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம். லோபருக்கு அந்த வசதி இல்லை.

கடைக்கு மாலையில் செல்லுங்கள். பகல் முழுவதும் நின்று நடந்த கால் மாலையில் சற்றே பருத்திருக்கும்; காலையில் பொருந்திய காலணி மாலையில் இறுக்கும். அன்றாடம் அணியும் காலுறையை அணிந்துகொண்டே அளவு பாருங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவில் அமைந்தவர் குறைவு. பெரிய காலுக்கே காலணி வாங்க வேண்டும். உட்கார்ந்தபடி அளவு பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுந்து நில்லுங்கள். உடலின் எடை இறங்கும்போது பாதம் நீள்கிறது, அகல்கிறது. நீண்ட விரலின் நுனிக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். நீண்ட விரல் எப்போதும் பெருவிரலாகவே இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது அட்டைப்பெட்டி போல் மடிந்தால் அந்தக் காலணி குதிகாலைத் தாங்காது. பிறகு அடிப்பாகத்தை வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நடுவில் முறிந்து மடங்கினாலோ, துண்டைப் பிழிவது போல் முறுக்க முடிந்தாலோ, அதை அணிந்து நெடுந்தொலைவு நடக்க இயலாது. வழவழப்பான தோல் அடி பார்வைக்கு அழகு. மொசைக் தரையிலும் ஈரமான கிரானைட்டிலும் அது வழுக்கும். முதியவர்க்கு ஒரு வழுக்கலே இடுப்பெலும்பு முறிவாக முடியலாம்.

கடைக்கு வர இயலாதவருக்காகப் பிறர் வாங்கச் செல்லும்போது செய்யத்தக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. நோயாளியைத் தாளின்மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, இரு பாதங்களின் வரைகோட்டையும் எடுத்துக் கத்தரித்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைக் காலணிக்குள் விரித்துப் பாருங்கள். ஓரம் எங்கே மடங்குகிறதோ அங்கே கால் நசுங்கும். இணையத்தில் வாங்குவோரும் பெட்டி வந்தவுடன் இதைச் செய்யலாம். திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம் என்பதால் முதல் நாள் வீட்டுத் தரையில் மட்டும் அணிந்து பார்க்க வேண்டும்.

கடையில் காலை நுழைத்ததும் மெத்தென்று அமுங்கும் நுரைப்பஞ்சு அடியைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த மென்மை சில வாரங்களில் அமுங்கித் தட்டையாகிவிடலாம். அமுங்காமல் நீடித்தாலும், மிகத் தடித்த மென்மையான அடி தரையின் மேடுபள்ளத்தைப் பாதத்திற்குத் தெரியவிடாது. ஏற்கெனவே தள்ளாடும் முதியவர் மேலும் தள்ளாடுவார். விற்பனையாளர் தவறாமல் சொல்லும் வாசகம் மற்றொன்று உண்டு: “போகப் போகச் சரியாயிடும் சார், தோல் இளகிடும்.” நம் வீடுகளிலும் இது வழங்குகிறது. புதுச் செருப்பு கடித்தால் உட்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் அணிந்தால் பழகிவிடும் என்பார்கள். செருப்பு கடிப்பதை உணரும் காலுக்கு அது பொருந்தலாம். கடிப்பது தெரியாத கால் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கால்தான்.

நீண்ட நாள் நீரிழிவால் பாத நரம்புகள் பழுதடைந்தவர்களிடம் மருத்துவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நடக்கும்போது செருப்பு கழன்று போனால் உங்களுக்குத் தெரிகிறதா?” பலர் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் சிரிப்பார்கள்; சிலர் சிரிக்க மாட்டார்கள். பேருந்தில் ஏறி அமர்ந்த பின்பு, பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தகையவர் காலணிக்குள் சிறு கல் ஒன்று கிடந்தாலும் நாள் முழுவதும் அதை மிதித்துக்கொண்டே நடப்பார்; மாலையில் காலுறையில் இரத்தக் கறையைக் கண்ட பின்பே அறிவார். தனக்கு அப்படி ஒரு குறை இருப்பதே பலருக்குத் தெரியாது. வலி இல்லாததை நலம் என்றே எண்ணுவர். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டுப் பார்க்கும் சோதனை இதற்கு உண்டு. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே ஆகும். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

உணர்ச்சியற்ற காலுக்குக் ‘காலணி வசதியாக இருக்கிறதா’ என்று கேட்பதில் பயனில்லை என்பதே என் வாதத்தின் மையம். கேட்டால் “ரொம்ப வசதியா இருக்கு” என்ற விடையே வரும். இறுக்கமான காலணிதான் அவருக்கு ‘காலில் ஏதோ இருக்கிறது’ என்ற நிறைவைத் தரும். சரியான அளவு தொளதொளவென்று தோன்றும். ஆகவே அவர் தாமாகவே ஓர் எண் குறைத்து வாங்குவார். இவருக்கு லோபர் வேண்டாம் என்று நான் திட்டவட்டமாகச் சொல்வேன். இறுக்கத்தால் மட்டுமே காலில் நிற்கும் காலணியை, இறுக்கத்தை உணராத காலுக்கு அணிவிப்பது நியாயமன்று. அவருக்கு வேண்டியது பாதத்தின் நீளத்தை விட உட்புறம் 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாகவும், விரல்களுக்கு மேலே உயரமாகவும், உள்ளே தையல் மேடு இன்றியும், நாடாவோ ஒட்டுப்பட்டையோ கொண்டு பிடிப்பதாகவும் அமைந்த காலணி. திறந்த செருப்பானால் குதிகாலுக்குப் பின்னே பட்டை வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் ரப்பர் செருப்பு அவருக்கு ஆகாது. அந்த இடுக்கில் தொடங்கும் புண் எளிதில் கண்ணில் படாது.

இந்த அறிவு வெளியிலிருந்து வந்ததன்று. நம் வேலூரில் விளைந்தது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். நோயே சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. வலி தெரியாததால் உண்டாகும் காயங்களும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமுமே புண்ணுக்கும் உறுப்பிழப்புக்கும் காரணம் என்று அவரும் அவருடன் உழைத்தோரும் நிறுவினர். நலமான கால் கொண்டவர் சிறிது தூரம் நடந்ததும், தம்மை அறியாமலே எடையை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றிக்கொள்கிறார், சற்று நொண்டுகிறார். உணர்வற்ற காலினர் ஆயிரம் அடியையும் ஒரே இடத்தில் ஊன்றி வைக்கிறார். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பரால் காலணி செய்யும் முறை வேலூரிலும் கரிகிரியிலும் வளர்ந்தது. இன்று நீரிழிவு நோயாளருக்கு எழுதித் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பு அந்த மரபில் வந்ததுதான்.

அந்த எம்.சி.ஆர். செருப்பைப் பலர் வாங்கிக்கொண்டு போய் அணியாமல் வைத்துவிடுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. கறுத்த, தடித்த அந்தச் செருப்பைக் கண்டாலே ‘என்ன நோய்?’ என்று கேட்கும் பார்வை ஒன்று நம் ஊரில் இருக்கிறது. தொழுநோயாளர்கள் அந்தப் பார்வைக்கு அஞ்சியே அதை அணிய மறுத்த காலம் உண்டு. இன்று திருமண வீட்டிற்கோ பேரனின் பள்ளி விழாவிற்கோ செல்லும் நீரிழிவு நோயாளியும் அதை வீட்டில் விட்டுவிட்டு, அன்றைக்கு ஒரு நாள் என்று பளபளக்கும் லோபரை அணிகிறார். புண் வருவதற்கு ஒரு நாள் போதும். இதைத் தற்பெருமை என்று கடிந்துகொள்வதால் ஆவதொன்றும் இல்லை. மனிதர் சபையில் தலைநிமிர்ந்து நிற்க விரும்புவது நோயன்று. அணியப்படாத காலணி எந்தக் காலையும் காப்பதில்லையாதலால், காலணி செய்வோரும் எழுதித் தருவோரும் தோற்றத்தையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். லோபரைப் போன்ற தோற்றமும், உள்ளே ஆழமும், மறைவான ஒட்டுப்பட்டையும் கொண்ட காலணியைத் தைக்கக் கூடிய கைகள் ஆம்பூரில் இல்லையா என்ன?

குனிய முடியாதவர்களுக்கும் வழியுண்டு. ஒட்டுப்பட்டைக் காலணியை ஒரு கையாலேயே இறுக்கலாம். நாடாக் காலணியின் நாடாவை எடுத்துவிட்டு மீள்தன்மையுள்ள நாடாவைக் கோத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. நீண்ட பிடியுள்ள ஷூ ஹார்ன் ஒன்று கதவருகே தொங்கினால் குதிகால் எளிதாக இறங்கும். பின்சுவரை மிதித்து நசுக்கும் பழக்கமும் போகும். மாலையில் கால் வீங்கும் இதய, சிறுநீரக நோயாளருக்கு, வீக்கத்திற்கேற்பத் தளர்த்தக்கூடிய பட்டையுள்ள காலணியே தக்கது. லோபரின் வாய் வீங்கிய புறங்காலில் பதித்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தாலே இது விளங்கும்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்குச் சில சொற்கள். புதுக் காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்திற்கு மேல் அணியவிட வேண்டாம். கழற்றியதும் பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்கிலும் பாருங்கள். அரைமணி நேரமாகியும் மறையாத சிவப்பு எங்கேனும் இருந்தால் அந்தக் காலணி கடிக்கிறது என்று அறிக. அவருக்காக அந்தக் கடியை உணர வேண்டியது உங்கள் கண். வெளிர்நிறக் காலுறை அணிவித்தால் கறை உடனே தெரியும். அணிவதற்கு முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். தெருவோரம் செருப்புத் தைப்பவரிடம் பழுது பார்க்கக் கொடுத்தால், ஆணி அடிக்காமல் ஒட்டியோ தைத்தோ தரச் சொல்லுங்கள். கால் ஆணிக்கென்று கடையில் விற்கும் மருந்துப் பட்டையில் தோலை அரிக்கும் அமிலம் உண்டு. நீரிழிவு நோயாளியின் காலில் அதை ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் நனைந்த தோல் காலணியை மறுநாளே அணியாமல் உலர விடுங்கள். வீட்டிற்குள் வெறுங்காலோடு நடப்பது நம் மரபு. உணர்வற்ற காலுக்கு மட்டும் வீட்டிற்குள் தனியாக ஒரு சுத்தமான செருப்பை அனுமதிக்க வேண்டும். கோயிலுக்கு அழைத்துச் சென்றால் கல்தளம் சூடேறுவதற்கு முன், விடியற்காலையில் செல்லுங்கள். நண்பகலில் பிராகாரம் சுற்றி வந்து, உள்ளங்கால் கொப்புளித்ததை மாலையில் கண்டறிவோர் உண்டு.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். பல மருத்துவமனைகளில், மருத்துவரின் அறைவாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற பலகை தொங்குகிறது. தூய்மை கருதி வைத்த பலகைதான். ஆனால் அதன் விளைவாக, புண்ணைப் பார்க்கும் மருத்துவர் அந்தப் புண்ணை உண்டாக்கிய காலணியை ஒருநாளும் பார்ப்பதில்லை. அது வாசலில், நூறு சோடிகளுக்கு நடுவே, உள்ளே என்ன பேசப்படுகிறது என்று அறியாமல் கிடக்கிறது. பாதப் பரிசோதனை நடக்கும் அறையிலேனும் அந்தப் பலகையை அகற்றிவிட வேண்டும்; அகற்ற இயலாதாயின், காலணியை ஒரு தட்டில் வைத்து உள்ளே கொண்டுவரச் செய்ய வேண்டும். ‘30 நிமிடம் நடைப்பயிற்சி’ என்ற வரியின் கீழே, பாத உணர்ச்சிச் சோதனை செய்த நாளையும், நாடா வேண்டுமா வேண்டாமா என்பதையும் எழுத இன்னும் இரண்டு வரிகள் போதும்.

அதுவரை, வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, வீட்டில் அன்றாடம் அணியும் காலணி, வெளியே அணியும் காலணி, விசேஷங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கும் லோபர் ஆகிய மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மாத்திரைகளைக் காட்டுவது போலவே அவற்றையும் மேசையருகே எடுத்து வைத்து, “டாக்டர், இதையும் கொஞ்சம் பாருங்க” என்று கேளுங்கள்.